நான்கு இருக்கை வண்டி

அறுத்த படாக் மரத்தின் சிவப்புத் தூளும், பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டுகிற பசையும் கலந்தால் எழும் நெடியை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. லேசாகக் காரம், லேசாக இனிப்பு, அதற்கு மேல் தலையைக் கிறுகிறுக்க வைக்கும் ஒரு மருந்து வாடை என்று வேண்டுமானால் சொல்லலாம். எங்கள் வீட்டில் அந்த நெடி இருந்தால் அண்ணன் ஊரில் இருக்கிறான் என்று அர்த்தம். இல்லையென்றால் அவனை மெயின்லேண்டுக்கு "ரெஃபர்" செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இத்தனை வருஷம் கழித்தும் ஏதாவது ஒரு மரக்கடையைத் தாண்டும்போது அந்த வாசனையில் பாதி வந்து மூக்கில் நிற்கும். மறு பாதிக்காக ஒரு நிமிஷம் நின்று பார்ப்பேன், பிறகு என் மேலேயே கோபம் வந்து நடையைக் கட்டுவேன்.

நாங்கள் போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்மில், தகரக் கூரை போட்ட ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா சாத்தம் மர மில்லில் வேலை பார்த்தார். காட்டிலிருந்து வந்து இறங்கும் மரத்தடிகளைச் சுற்றி நாடாவைப் பிடித்து அளந்து, அறுத்த முகமான வெட்டுவாயில் வெள்ளைப் பெயிண்டால் அந்த அளவை நம்பராக எழுதுகிற வேலை. பரமக்குடிப் பக்கத்திலிருந்து இளவட்டமாகக் கப்பலேறி வந்தவர், மில்லில் நாள் முழுக்க இந்தியில் பேசிவிட்டு வந்தாலும் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தப் பாஷையையும் கழற்றி வைத்துவிடுவார். அம்மாவும் அதே பக்கம்தான். நான் சின்னவள். எனக்கு மூன்று வயது மூத்தவன் என் அண்ணன் செந்தில். அவனுக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு.

அதனால் அவன் ஓடமாட்டான், மரம் ஏறமாட்டான், பள்ளிக்கூட மேட்டை ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து, யாராவது பார்த்தால் செருப்புவாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொள்வான். அவனுடைய நகங்கள் எப்போதும் நீலம் பாரித்திருக்கும். புதிதாக மாற்றலாகி வந்த டீச்சர் ஒருவர் அதைப் பெயிண்ட் என்று நினைத்துக் கையைக் கழுவிவிட்டு வரச்சொன்னபோது, அவன் நேரே குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்து, "போகல டீச்சர், கம்பெனி கலர்" என்றானாம். இதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தவனும் அவன்தான். அவனைப் பார்த்து யாராவது "ச்சு" கொட்டினால் அவனுக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தீவுக்காரர்களுக்கு "ரெஃபர்" என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே உள்ள ஆஸ்பத்திரியில் பார்க்க முடியாத வியாதி என்றால் சென்னைக்கு எழுதிக் கொடுப்பார்கள். நோயாளி ஒருவர், துணைக்கு ஒருவர். கப்பல் மூன்று ராத்திரி கடலில் கிடந்து போய்ச் சேரும், திரும்பி வருவதற்குக் கப்பல் கிடைக்கிறபோதுதான் வரலாம். வருஷத்துக்கு ஒருமுறை, சில வருஷம் இரண்டுமுறை, அப்பாவும் அண்ணனும் போனார்கள். அப்பாவுக்குக் கிடைத்த லீவெல்லாம் அதிலேயே தீர்ந்தது. நான் பிறந்ததிலிருந்து நாங்கள் நாலு பேருமாக எங்கேயும் போனதில்லை. ஹாடோ ஜெட்டியில் அம்மாவும் நானும் கீழே நிற்போம், மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் இருவரும் நிற்பார்கள், கப்பல் நகர்ந்ததும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். எனக்குத் தெரிந்த குடும்பப் பயணம் அவ்வளவுதான்.

அப்படி ஒருமுறை திரும்பி வரும்போதுதான் முதல் "கிட்" வந்தது. சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பர்மா பஜார். கப்பல் ஏறும் நாளில், அண்ணனைச் சாமான்களோடு துறைமுகத்தில் உட்காரவைத்துவிட்டு அப்பா மட்டும் போய் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஜப்பான்காரன் பெட்டி. மேலே செக்கச்செவேலென்று ஒரு பந்தயக் கார், உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களில் காய்த்துத் தொங்குவது போலச் சக்கரமும் கதவும் ஸ்டீயரிங்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து ஒட்டினால் பெட்டியில் உள்ள கார் அப்படியே வந்துவிடும். அண்ணன் பெட்டியைத் திறந்து தரையில் பரப்பினான். நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஒவ்வொரு சட்டமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"ரெண்டு சீட்டுதானப்பா இருக்கு."

"படத்துல எல்லாம் நல்லாத்தானய்யா இருந்துச்சு" என்றார் அப்பா.

"நாம நாலு பேருல்ல. ரெண்டு பேரு போறதுக்கு எதுக்குக் காரு? அதான் நாம ரெண்டு பேரும் கப்பல்ல போறமே."

அடுப்படியில் அம்மா தாளித்துக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அண்ணன் அந்தப் பந்தயக் காரைச் செய்யவில்லை. பெட்டியில் இருக்கிற காரைச் செய்வதற்கு நான் எதற்கு என்றான். அவன் மனசில் இருந்தது வேறு. சாத்தத்தில் அக்கரைக்குப் போகும் பெர்ரிக்காக வரிசையில் நிற்கும் ஜீப்புகளை அவன் பார்த்திருக்கிறான். நாலு பேரும் ஏறிக்கொண்டு, வண்டியைப் பெர்ரியில் ஏற்றி, பாம்பூஃபிளாட்டில் இறக்கி, ரோடு முடிகிற இடம்வரை போவதற்கு ஒரு வண்டி வேண்டும். அந்த வண்டியை எந்தக் கம்பெனியும் போடவில்லை. அதனால் இந்தக் காரை நடுவில் அறுத்து நீட்டி, பின்னால் இரண்டு இருக்கை வைக்கப்போவதாக அறிவித்தான். அதற்கு வேண்டியது அடுத்த கிட்டில் வர வேண்டும் என்றான். அடுத்த கிட் என்றால் அடுத்த ரெஃபர். எங்கள் வீட்டில் ரெஃபரை ஆவலாக எதிர்பார்த்த ஒரே ஆள் அவன்தான்.

பெட்டியின் ஓரத்தில் ஒன்று, ஒரு சாய்கோடு, இருபத்துநாலு என்று போட்டிருந்தது. அசல் கார் எவ்வளவோ அதில் இருபத்துநாலில் ஒரு பங்கு இது என்று அண்ணன் எங்களுக்கு விளக்கினான். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டாரே தவிர, மில்லுக்காரர் மூளையில் அது வேறுமாதிரி போய் உட்கார்ந்துவிட்டது. தடியின் வெட்டுவாயில் இருபத்துநாலு என்று எழுதினால் ஒரு தடி, முப்பத்தைந்து என்று எழுதினால் அதைவிடப் பெரிய தடி. அவர் வாழ்நாள் முழுக்க எழுதிய கணக்கு அதுதான். நீளமான வண்டி வேண்டுமென்று மகன் ஆசைப்படுகிறான், கொஞ்சம் பெரிய நம்பராகவே எடுப்போம் என்று அடுத்த முறை முப்பத்தைந்து போட்ட பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். பட்டாளத்து ஜீப். பெட்டியைத் திறந்தால் எல்லாமே சுண்டுவிரல் நகம் அளவு. அப்பா அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நம்பரு பெருசாத்தானே இருக்கு, சாமான் எங்கய்யா போச்சு?"

அண்ணன் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, அம்மா வந்து முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. மூச்சு அடங்கியதும், "நம்பரு சின்னதா இருந்தாத்தாம்ப்பா சாமான் பெருசு" என்று சொல்லிக் கொடுத்தான். ஆனால் அந்த ஜீப்பை வீணாக்கவில்லை. அதன் இருக்கை ஒன்றை எடுத்து என்னிடம் காட்டி, "இது ஒனக்கு, நீதான் சைஸ்ல சின்னவ" என்றான். எனக்கு ஒரு பக்கம் அவமானம், ஒரு பக்கம் கொள்ளை ஆசை. என் பெயரில் உலகத்தில் முதன்முதலாக ஒதுக்கப்பட்ட இடம் அது.

பிறகு அறுவை நடந்தது. வண்டிக்குத்தான். மில்லில் தேய்ந்து கழித்த ரம்பத்தகடு ஒன்றை அப்பா கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதை மெழுகுவர்த்தியில் காட்டிச் சூடாக்கி, கதவுக்குப் பின்னால் குறுக்காக அறுத்தான். சட்டத்திலிருந்து காய்களை நறுக்க அப்பாவின் நகவெட்டி. இரண்டு துண்டுக்கும் நடுவில் ஜீப்பின் பக்கவாட்டுத் தகட்டை வைத்து ஒட்டியபோது ஓரங்கள் எதுவும் ஒன்றோடொன்று சேரவில்லை, விரல் போகிற அளவுக்குச் சந்து. அதற்கு அவன் கண்டுபிடித்த வழிதான் படாக் தூள். அப்பாவின் மில் சட்டைப் பையில் தினமும் ஒரு பிடி இருக்கும். அம்மா சட்டையை வெளியே கொண்டுபோய் உதறுவதற்குள் ஓடிப்போய் அள்ளிவந்து, துணியில் சலித்து, பசையில் குழைத்து, சந்தில் அப்புவது என் வேலை. காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் மீனின் ஓட்டைப் பொறுக்கி வந்து அதால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினான். ரத்தச் சிவப்பாக ஒரு கோடு வண்டியைச் சுற்றி ஓடியது. அவனுடைய சட்டை விலகும்போது நெஞ்சில் தெரியும் பழைய தையல் தழும்பு எனக்கு நினைவு வந்தது. அவனுக்கும் வந்திருக்கும்.

ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தது. வெளிநாட்டுக்காரன் போட்டது. "இத வச்சு ஓட்டுனா ஃபர்ஸ்ட் வளைவுலயே லாரி வந்து மோதி டக்கர்" என்று அதையும் பெயர்த்து வலப்பக்கம் மாற்றினான். அந்தப் பிள்ளைக்கு எதையும் உள்ளபடியே விட்டுவைக்கத் தெரியாது.

சின்ன நம்பர்தான் பெரிசு என்று தெரிந்துகொண்ட அப்பா அடுத்த முறை விட்டாரா பாருங்கள். கடைக்காரனிடம் இருந்ததிலேயே சின்ன நம்பரைக் கேட்டு, பன்னிரண்டு போட்ட பெட்டியோடு கப்பலிலிருந்து இறங்கினார். உள்ளே இருந்தது காரே இல்லை, மோட்டார் சைக்கிள். இரண்டே சக்கரம், ஒவ்வொன்றும் எங்கள் வண்டியின் கதவு உயரம். அம்மாகூட அன்றைக்குச் சிரித்தாள். அண்ணன் அந்தக் கொழுத்த சக்கரங்களைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பழைய பின்சக்கரங்களைக் கழற்றி எறிந்தான். இவற்றை மாட்டியதும் வண்டி பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் குனிந்து, கோபக்கார மாடு மாதிரி நின்றது. "நம்ம ரோட்டுக்கு இதுதான் லாயக்கு" என்றான். மழைக்காலத்தில் எங்கள் சாலைகளைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

பக்கத்து வீட்டு தாஸ் அங்கிள் வங்காளி, மீன்பிடிக்கப் போகிற "டோங்கி" படகு ஒன்று வைத்திருந்தார். அதற்கு அடித்ததுபோக மிஞ்சிய நீலப் பெயிண்ட்டை ஒரு கொட்டாங்கச்சியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "அரே பேட்டா, யே காடி ஹை கி போட்?" இது வண்டியா, படகா என்று கேட்கிறார். "ரெண்டும்தான் அங்கிள்" என்று அண்ணன் இந்தியில் சொன்னான். தீவில் இருக்கிறவனுக்கு இரண்டுமாக இருந்தால்தானே எங்கேயாவது போக முடியும். இரண்டு கை நீலம் அடித்தும் அந்தச் சிவப்புக் கோடு மறையவில்லை, அடியிலிருந்து கசிந்து வந்தது. இன்றைக்கும் தெரிகிறது.

உள்ளே இருக்கை வைக்கும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மோட்டார் சைக்கிளின் இருக்கை உள்ளே நுழையவே இல்லை, அதைத் தூக்கிப் போட்டோம். பந்தயக் காரின் இரண்டு இருக்கைகள் முன்னால். வலப்பக்கம் அப்பாவுக்கு, இடப்பக்கம் அம்மாவுக்கு. பின்னால் அம்மாவுக்கு நேர்பின்னே என்னுடைய பொடி இருக்கை. அப்பாவுக்குப் பின்னே காலி.

"ஒனக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு ஆர்டினரி சீட்டு ஆகாது. சாயுற சீட்டு வேணும்" என்றான்.

அவனால் மல்லாந்து படுக்க முடியாது. படுத்தால் நெஞ்சில் தண்ணீர் ஏறுவது போல் இருக்கும் என்பான். தலையணைகளை அடுக்கி, பாதி சாய்ந்தும் பாதி உட்கார்ந்தும்தான் தூங்குவான். தலையணை ஒன்று சரிந்தாலும் மூச்சு வாங்கும். அப்பா எழுந்து வந்து சரியாக முட்டுக்கொடுத்துவிட்டுப் போவார். குடும்பத்தோடு போகிற பெரிய கார்களின் கிட்டில் இருக்கையின் அடிப்பகுதி தனியாகவும் முதுகு தனியாகவும் வரும், எவ்வளவு சாய்வு வேண்டுமோ அப்படி வைத்து ஒட்டிக்கொள்ளலாம் என்று அவன் பெட்டிகளின் மேல் உள்ள படங்களைப் பார்த்தே கண்டுபிடித்து வைத்திருந்தான். அப்படி ஒன்று, இருபத்துநாலு நம்பரில், வந்துவிட்டால் வண்டி முடிந்தது.

அடுத்த ரெஃபர் ஆபரேஷனுக்கு. இந்த முறை திறந்து சரிசெய்துவிடுவார்கள், அப்புறம் மேடெல்லாம் ஏறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தானும் கூட வருகிறேன் என்று அம்மா பிடிவாதமாக நின்று பார்த்தாள். துணைக்கு ஒருவர்தான், என்னையும் தனியே விட முடியாது. கிளம்புகிற அன்று அண்ணன் வண்டியை எடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டு மறுபடியும் பாடம் நடத்தினான். இருபத்துநாலு. நாலு கதவு. முதுகு தனி, அடி தனி. அப்பா மில்லில் நம்பரைத் திருப்பிச் சொல்வது போல ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். "தப்பாம வாங்கித் தாரேன்யா, சொல்லிட்டேன்ல" என்றார். அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"வேணாம், இந்தத் தடவை நானே கடைக்கு வந்து பாத்து எடுக்குறேன். நீங்க பாட்டுக்கு ஏரோப்ளேன் கீரோப்ளேன் எடுத்துறுவீங்க."

ஜெட்டியில் எப்போதும் போல மேலே இருவர், கீழே இருவர். அவன் கம்பி வழியாகக் கையை நீட்டி, வலக்கையால் ஸ்டீயரிங் பிடிப்பது போலச் செய்தான். நான் பின்னிருக்கையில் குலுங்குவது போலச் செய்து காட்டினேன். அம்மா என் தலையில் தட்டினாள்.

செய்தி மில்லுக்குத்தான் முதலில் வந்தது. அப்பாவோடு வேலை பார்க்கிற இரண்டு பேர் பட்டப்பகலில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். எப்படித் தெரிந்துகொண்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கவே இல்லை என்று சொன்னார்கள். அதற்கு மேல் அவர்கள் சொன்னதை நான் கேட்கவில்லை.

மெயின்லேண்டில் இறந்தவர்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் அப்போது வழக்கம். கடலைத் தாண்டி உடம்பைக் கொண்டுவருவது நடக்கிற காரியமில்லை. அப்பா தனியாக நின்று கொள்ளிவைத்திருக்கிறார். இங்கே நாங்கள் அழுது முடித்து, அக்கம்பக்கத்தார் வந்து போய், சோறு பொங்கித் தின்னவும் ஆரம்பித்துவிட்டோம், அப்பாவுக்கு இன்னும் கப்பல் கிடைக்கவில்லை. ரேடியோவில் கப்பல் செய்தி சொல்லும் நேரத்துக்கு அம்மா வழக்கம்போலப் போய் உட்காருவாள். இன்ன கப்பல் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டது, இன்ன நாள் ஹாடோ வரும். கப்பல் வருகிறது என்ற செய்தியைக் கேட்டு நான் வெறுத்தது அந்த ஒரு முறைதான். கப்பல் வராமலே இருந்தால் அண்ணனும் அப்பாவும் இன்னும் சென்னையில் இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அப்பா கப்பலின் ஏணிப்படியில் இறங்கினார். ஒரு கையில் டிரங்குப் பெட்டி. மறு கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய ஒரு அட்டைப்பெட்டி. அம்மா அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தாள்.

வீட்டில் நான்தான் செய்தித்தாளைப் பிரித்தேன். நாலு கதவு வைத்த வெள்ளைக் கார். ஓரத்தில் இருபத்துநாலு. மூன்று முறை தப்பாக வாங்கிய அப்பாவுக்கு இது எப்படிச் சரியாக வந்தது என்று ஒரு நொடி யோசித்தேன், உடனே பதிலும் கிடைத்தது: அண்ணன் சொன்னபடியே செய்திருக்கிறான், ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நாள் அப்பாவோடு கடைக்குப் போய், தானே பார்த்து எடுத்திருக்கிறான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவன் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது எனக்குக் கண்ணால் பார்த்தது போலத் தெரிந்தது. அந்த வயதில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது. அதை வைத்துக்கொண்டுதான் நான் வளர்ந்தேன். பள்ளி முடித்தேன், படித்தேன், டீச்சரானேன், சிப்பிகாட்டில் வாழ்க்கைப்பட்டேன். எப்போது அவன் நினைப்பு வந்தாலும், போகட்டும், அவன் கேட்டது கைக்குக் கிடைத்தது, நம்பரைப் பார்த்தான், சந்தோஷப்பட்டான் என்று சொல்லிக்கொள்வேன்.

பெட்டியைத் திறக்க அம்மா விடவில்லை. "அவன் பெட்டி, அவன்தான் தொறக்கணும்" என்று சொல்லித் தன் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். வண்டி மட்டும் சாமி படத்துக்குப் பக்கத்தில் நின்றது, மூன்று இருக்கையோடு. அண்ணனைப் பற்றி அப்பா பேசவே மாட்டார். ரிட்டயர் ஆகிற நாள்வரை தடிகளில் நம்பர் எழுதினார்.

அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. போன மாதம் டெய்ரி ஃபார்ம் வீட்டை இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொன்னதால், அப்பாவை என்னோடு அழைத்துக்கொள்வதற்காகச் சாமான்களை ஒழித்தேன். தாஸ் அங்கிள் வீடு இருந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. ஊருக்கே இப்போது வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அண்ணன் வந்து போர்ட் பிளேருக்கு டிக்கெட் கேட்டால் என்ன சொல்வார்களோ. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் அந்த அட்டைப்பெட்டி இருந்தது. எடுத்துத் தூசி தட்டி அப்பாவின் மடியில் வைத்தேன்.

"பாருங்கப்பா, அண்ணன் எவ்வளவு கரெக்டா பாத்து எடுத்திருக்கான்" என்றேன்.

அப்பா விரலால் அந்த நம்பரைத் தடவினார். பார்வை மங்கிவிட்டது அவருக்கு.

"அவன் பாக்கல ஆத்தா."

விரலை அந்த நம்பரிலிருந்து எடுக்காமலே மேலே சொன்னார்.

"எல்லாம் முடிஞ்ச பெறகுதேன் வாங்குனேன். கப்பலுக்குப் போற வழியில அந்தக் கடை. கால் தானாப் போயி நின்னுருச்சு. தப்பாம வாங்கித் தாரேன்னு சொல்லியிருந்தேன்ல. நாலு கதவு, இருவத்துநாலு, முதுகு தனி, அடி தனின்னு சொல்லிக்கிட்டே கேட்டேன். கடைக்காரன், பையன் சொல்லி அனுப்புனானா, இந்தத் தடவை சரியாச் சொல்றீகளேன்னான்."

 இத்தனை வருஷம் நான் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றை அவர் தன் போக்கில் உருவி எடுத்துவிட்டார். பஸ்ஸில் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த அண்ணன் இல்லை. கடை வாசலில் மொட்டையடித்த தலையோடு நின்று, மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்த அப்பாதான் இருந்தார். நான் அழுதேன். அவர் அழவில்லை, பெட்டியை என் பக்கம் தள்ளி, "தொறந்து அந்தச் சீட்ட மட்டும் வச்சுரு ஆத்தா, பாக்கி நிக்கிது" என்றார்.

திறந்தோம். டயர்கள் இறுகிப்போயிருந்தன, பசைக் குழாய் கல்லாகிவிட்டிருந்தது. மற்றதெல்லாம் சட்டத்தில் அப்படியே புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. பேரப்பிள்ளைகளின் பொம்மை ஒட்டுவதற்காக அப்பா வாங்கிவைத்திருந்த பசை வீட்டில் இருந்தது. அப்பாவின் நகவெட்டியால் ஒரு அடியையும் ஒரு முதுகையும் நறுக்கி எடுத்து, அவருடைய இருக்கைக்குப் பின்னே காலியாக இருந்த இடத்தில் அடிப்பாகத்தை வைத்தேன். கொஞ்சமும் இழுக்காமல், இடிக்காமல், அதற்கென்றே விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தது. முதுகில் பசை தடவி, நன்றாகச் சாய்த்து வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா கிட்டக் குனிந்து, விரலை வண்டிக்குள் விட்டு, தடவிப் பார்த்தார்.

"இம்புட்டுச் சாய்க்காத ஆத்தா. கொஞ்சம் நிமித்தி வையி. அவனுக்கு மூச்சு வாங்கும்."